ஒரு நாற்காலிக்கு இரண்டு ஸ்பீக்கர்

ரங்கநாயகியின் இடது காது ஒரே நாளில் போய்விடவில்லை. மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்து மூன்று வருடம் ஹெட்செட் மாட்டியிருந்த காது அது. திருச்சிக்கு ஒரு லைன், கோவைக்கு ஒரு லைன் என்று போட்டுக்கொடுத்து, யார் யாரோ பேசிக்கொள்வதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எஸ்.டி.டி. எல்லாத் தெருவுக்கும் வந்த பிறகு டிரங்க் போர்டை மூடினார்கள். அவளை பில் கட்டும் கவுண்டருக்கு மாற்றினார்கள். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்லும் நம்பரை இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தது மட்டும் எப்படியோ நன்றாகக் கேட்டது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல போயிருச்சும்மா. இனி காதுல எதையும் மாட்டாதீங்க. மாட்டுனா மிச்சமும் போயிரும்" என்றார். 2002இல் அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். காதுதான் காரணம் என்று ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. தம்பி துளசிராமுக்கும் சொல்லவில்லை.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி அவள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட இடம். கல்யாணம் என்று இரண்டு தடவை பேச்சு எடுத்து, இரண்டு தடவையும் நின்றுபோயிற்று. தம்பி பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தான். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா போனதோடு வீட்டில் சௌராஷ்டிரம் பேச ஆள் இல்லாமல் போயிற்று. யாராவது கதவைத் தட்டினால் முதலில் சௌராஷ்டிரத்தில் "யாரு" என்று கேட்டுவிடுவாள். வெளியே நிற்கும் கேஸ்காரருக்குப் புரியாது. பிறகு தமிழில் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை துளசிராம் போன் செய்வான். நாலு நிமிடம், ஐந்து நிமிடம். அந்த வாரத்தில் அவள் சொந்த பாஷையில் பேசியது அவ்வளவுதான்.

பார்வையில்லாதவர்களுக்குப் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்ய ஆள் தேவை என்று ஒரு சங்கத்தின் நோட்டீஸை வங்கியில் பார்த்தது 2003இல். போய்ப் பெயர் கொடுத்தாள். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். சங்கத்து மேனேஜர், "மேடம், ரேடியோவுல இருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். முதலில் கேசட்டில் வாசித்தாள். அப்புறம் சி.டி.தான் வேண்டும் என்றார்கள். தம்பி புதியது வாங்கியபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. ஒரு மைக் வாங்கினாள். கம்ப்யூட்டரோடு வந்த, சோப்பு டப்பா அளவுள்ள இரண்டு ஸ்பீக்கரில் போட்டுச் சரிபார்த்துக் கொள்வாள். ஒன்றரை வருடத்தில் பதினோரு புத்தகம். சி.டி.க்களைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அடுத்த புத்தகத்தை வாங்கி வருவாள். யார் கேட்கிறார்கள், எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று ஒரு தகவலும் வந்ததில்லை.

2005 மார்ச்சில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"வணக்கம் மேடம். எம் பேரு நல்லகாமன். செக்கானூரணிப் பக்கம். இங்க ஒரு மில்லு ஆபீஸ்ல போன் போர்டுல ஆபரேட்டரா இருக்கேன். எனக்குக் கண்ணு தெரியாது. சங்கத்துல ஒங்க நம்பரு குடுத்தாக."

முப்பத்து நாலு வயது அவனுக்கு. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தான். அவள் வாசித்த இந்திய வரலாறு சி.டி.யை டிஸ்க்மேனில் போட்டு, ஹெட்போனில், சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் கேட்கிறானாம்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நீங்க எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தீகளா?"

அவள் ரிசீவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். "எப்படித் தெரியும்?"

"பக்க நம்பரு சொல்றீகள்ல. நூத்து முப்பத்தேழுன்னு சொல்ல மாட்டேங்குறீக. ஒண்ணு, மூணு, ஏழுங்கிறீக. அது நம்ம ஆளுக சொல்ற மாதிரி."

நம்ம ஆளுக. ரங்கநாயகிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் விஷயத்துக்கு வந்தான். "கொறையா சொல்றேன்னு நெனச்சுக்கிறாதீக. ஒங்க குரலுக்குப் பின்னால ஒரு ஊம்முனு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. நடுநடுவுல டக்குனு ஒண்ணு. ரெண்டு வாக்கியத்துக்கு ஒருக்கா வருது. பரீட்ச நேரத்துல நாளெல்லாம் கேக்குறோமா, மண்ட வலிச்சுப்போகுது. வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாக. ஓசியில வாசிச்சுக் குடுக்குறவகள எப்பிடிச் சொல்றதுன்னு இருந்திருப்பாக."

போனை வைத்ததும் அந்த சி.டி.யைப் போட்டுக் கேட்டாள். சோப்பு டப்பா ஸ்பீக்கரில் குரல் மட்டும்தான் வந்தது. சத்தத்தைக் கூட்டினாள். கரகரத்ததே தவிர ஊம்மும் இல்லை, டக்கும் இல்லை. தெருமுனைக் கடையில் ஹெட்போன் ஒன்று வாங்கிவந்து மாட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிடம்தான். இடது காதுக்குள் குக்கர் விசில் போல ஒரு சீறல் பிடித்து மூன்று நாள் நிற்கவில்லை. ஹெட்போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நல்ல ஸ்பீக்கர் வாங்குவது ஒன்றுதான் வழி. அந்த மாதம் துளசிராம், வாஷிங் மெஷின் வாங்கிக்கொள் என்று பணம் அனுப்பியிருந்தான்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனாள். ராம்கி என்ற விற்பனையாளன், "வாங்கக்கா" என்று உட்காரவைத்து, ஒரு சினிமாப் பாட்டை அலறவிட்டான். நாற்காலியின் கால் அதிர்ந்தது.

"எப்பிடிக்கா பேஸு? ஆறு ஸ்பீக்கரு. ஹால்ல நாலு மூலைக்கும் மாட்டிரலாம். வீட்டுல எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான்."

அவன் பாட்டைக் குறைத்தான்.

அவள் கைப்பையிலிருந்து சி.டி.யை எடுத்துக் கொடுத்தாள். கடை முழுக்க அவள் குரல், 'நிரந்தர நிலவரித் திட்டத்தின் விளைவுகள்' என்று ஆரம்பித்தது. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தப் பெரிய பெட்டிகளில் அவள் குரல் கனமாக, அழகாக, யாரோ ஒரு பெரிய மனுஷியின் குரலாக வந்தது.

"சூப்பரா இருக்குக்கா!"

"அதான் வேணாங்கிறேன். இதுல என்ன தப்பு இருக்குன்னு எனக்குக் கேக்கணும். இது தப்ப எல்லாம் மூடிருது."

ராம்கி சி.டி.யை வெளியே எடுத்துக் கொடுத்தான். நல்ல பையன். விற்காமல் அனுப்ப மனமில்லாவிட்டாலும் உண்மையைச் சொன்னான். "நீங்க கேக்குறது ஸ்டுடியோக்காரவங்க வச்சிருக்க மானிட்டர் ஸ்பீக்கருக்கா. எங்ககிட்ட வராது. அவனியாபுரத்துல மருதுன்னு ஒருத்தர் வீட்டுலயே ரெக்கார்டிங் வச்சிருக்காரு. அவரப் பாருங்க."

மறுநாள் பெரியார் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனாள். வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது மருதுவின் அறை. ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் விழாவுக்கு ஆட்டோவில் கட்டிப்போகும் அறிவிப்பு, சாமி பாட்டு எல்லாம் அங்கே பதிவாகும். கீழே பட்டறையில் சாப்பாட்டுக்குப் போகும் ஒரு மணி நேரமும், பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்காத நேரமும்தான் வேலை நேரம் என்றான் மருது. நாற்பது வயதுக்காரன். சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து அடித்திருந்தான்.

சி.டி.யை வாங்கிப் போட்டான். மேஜைமேல் இருந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளிலிருந்து அவள் குரல் மெலிந்து, வறண்டு, உள்ளபடி வந்தது. குரலுக்கு அடியில் ஊம் என்று ஒரு சத்தம்.

"கேக்குதாக்கா? அது ஃபிரிட்ஜு. பக்கத்து ரூம்புல இருக்கும்."

"ஆமா, சமையல்கட்டுல."

"இந்தா… டக்கு. இது ஒங்க நாக்கு. தண்ணி குடிக்காம வாசிக்கிறீக. வாய் காஞ்சு ஒட்டி ஒட்டிப் பிரியுது."

ஒன்றரை வருடமாக முகம் தெரியாத எத்தனையோ பேரின் காதுக்குள் அவள் நாக்கு ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மருதுவிடம் விற்பதற்கு ஒரு பழைய ஜோடி இருந்தது. பெரிய பெட்டி, ஆம்ப்ளிபயரோடு, விலையும் குறைவு. இன்னொன்று அவன் மேஜையில் இருப்பது. ஐந்து அங்குலம், ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்கும், சென்னையில் சொல்லிப் புதிதாக வரவழைக்க வேண்டும். இருப்பதிலேயே மலிவான மாடல்தான் என்றாலும் வாஷிங் மெஷின் பணத்துக்கு மேலே கொஞ்சம் போட வேண்டியிருக்கும்.

"பெருசுல பாட்டுக் கேட்டா சொகமா இருக்கும்க்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்கவில்லை, சோதித்தாள். சி.டி.யில் ஒரே பக்கத்தை எதில் முதலில் என்று சொல்லாமல் இரண்டிலும் மாற்றிப் போடச் சொன்னாள். எது ஓடுகிறது என்று பார்த்தால் மனசு சாயும் என்று இரண்டு தடவையும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, டக் கேட்கும்போதெல்லாம் ஒரு காகிதத்தில் கோடு போட்டாள். பெரியதில் ஒன்பது கோடு. சின்னதில் பதினாலு.

"சின்னதுதான்."

"பதினாலு தப்புக் காட்டுறதுக்கா காசு குடுக்குறீக?" மருது சிரித்தான். பிறகு, "ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீகளே? உக்காரும்போது ஒரு பக்கமாத் திரும்பியே உக்காருறீகளே. எடது காது கேக்காதா?"

"பாதி கேக்கும்." முதல்முதலாக ஒருவரிடம் அதைச் சொல்கிறாள். ஒன்றும் ஆகிவிடவில்லை.

"அப்ப ஒங்களுக்கு ஒரு ஸ்பீக்கரே போதும். பேச்சுதான, ரெண்டுலயும் ஒண்ணுதான் வரும். ஆனா கம்பெனில ஜோடியாத்தான் குடுப்பான்." கொஞ்சம் யோசித்து, "பின்னால ரெண்டுலயும் தனித்தனியா வால்யூம் இருக்கு. எடது பக்கத்தக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கங்க" என்றான்.

பத்து நாளில் லாரி பார்சலில் வந்தது. மருது எழுதிக்கொடுத்தபடியே வைத்தாள். சுவரை ஒட்டக்கூடாது. காது உயரத்துக்கு இருக்க வேண்டும். இரண்டு ஸ்டூல் போட்டு, மேலே பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி உயரம் சரிபார்த்தாள். இரண்டு பெட்டியும் உட்காருபவரும் மூன்று மூலையாக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். அளந்து நாற்காலியைப் போட்டாள். இன்னொரு நாற்காலி அந்த ஏற்பாட்டில் எங்கேயும் பொருந்தாது. சுவரோரம் கிடந்த இரண்டாவது நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டில் போட்டாள்.

அந்த ஞாயிறு துளசிராம் கேட்டான், மெஷின் எப்படி இருக்கிறது என்று. சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்றாள். அப்போது அவள் துணிகள் பின்னால் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன.

புது ஸ்பீக்கரில் அவள் தன் பதினோரு புத்தகங்களையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் கேட்டது. நாக்கு கேட்டது. மூன்றாவதாக நல்லகாமனும் மருதுவும் சொல்லாத ஒன்றும் கேட்டது.

ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பயிற்சி வினாக்கள் இருக்கும். ஒரு கேள்வியை வாசித்துவிட்டு அவள் நிறுத்தியிருந்தாள். அடுத்த கேள்விக்கு உடனே போகவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அளந்து பார்த்தாள். நாலு விநாடி, ஐந்து விநாடி, ஓரிடத்தில் ஆறு. டிரங்க் போர்டில் மறுமுனையைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்கும் நேரம் அது. இருபத்து மூன்று வருடப் பழக்கம், புத்தகத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'வேலூர்க் கலகத்துக்கான காரணங்கள் யாவை?' என்று கேட்டுவிட்டு யாருமில்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை காத்திருப்பதை அந்தச் சின்னப் பெட்டிகள் அப்பட்டமாகக் காட்டின. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு மாதம் அந்தக் கோபத்திலேயே வேலை நடந்தது. வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் மறுபடி வாசித்தாள். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போடுவாள். வெந்நீர் டம்ளர் பக்கத்தில் இருக்கும். காய்கறி வண்டி தெருவைத் தாண்டும்வரை வாயை மூடிக் காத்திருப்பாள். கேள்விகளுக்குப் பின்னால் இருந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றுவிடாமல் வெட்டினாள். இப்போது கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் அறிவிப்பு போல ஓடின. சுத்தமாக இருந்தது. சி.டி.யைச் சங்கத்தில் கொடுத்து, ஒன்றை நல்லகாமனுக்கும் அனுப்பச் சொன்னாள்.

மூன்றாம் வாரம் போன் வந்தது.

"அக்கா, அம்புட்டுச் சுத்தம்! ஊம்மும் இல்ல, டக்கும் இல்ல. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு." மேடம், அக்காவாக மாறியிருந்தது. பிறகு அவன் இழுத்தான். "ஆனா ஒண்ணு…"

"சொல்லுங்க நல்லகாமன்."

"கேள்விக்கு அப்புறம் ஏன்க்கா நிக்க மாட்டேங்குறீக?"

"அது தேவையில்லாம இருந்துச்சு. வெட்டிட்டேன்."

"ஐயையோ. அதுலதானக்கா நான் பதில் சொல்லுவேன்."

அவள் ரிசீவரை வலது காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போர்டு ரூம்புல சாப்பாட்டு நேரம் நான் மட்டும்தான். நீங்க கேள்வி கேப்பீக, நிப்பீக. நான் வாயத் தொறந்து சத்தமாவே சொல்லுவேன். சொல்லி முடிக்கவும் நீங்க அடுத்த கேள்விக்குப் போவீக. சரியாத்தான் சொல்லியிருக்கான்னு நீங்க தலையாட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். எங்க வீட்டுல கனகலட்சுமிகூடக் கிண்டல் பண்ணும், யாருகூடய்யா பேசிக்கிட்டிருக்கன்னு. இப்பப் பதில் சொல்ல எடமே இல்ல. மூச்சுவிட முன்னாடி அடுத்த கேள்வி வந்துருது."

"கேக்குதாக்கா? லைன்ல இருக்கீகளா?" என்றான் நல்லகாமன்.

"இருக்கேன்" என்றாள் ரங்கநாயகி. "திரும்பப் போட்டுத் தாரேன்."

வெட்டியதை ஒட்ட முடியாது. அழித்துவிட்டிருந்தாள். வினாக்களை மட்டும் மறுபடி உட்கார்ந்து வாசித்தாள். ஆனால் இப்போது எவ்வளவு நிறுத்துவது என்று தெரியவில்லை. முன்பு தன்னால் வந்தது, இப்போது யோசித்தால் கூடிப்போயிற்று, இல்லை குறைந்துபோயிற்று. கடைசியில் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைத் தானே மனசுக்குள் சொல்லிப் பார்த்து, அந்த நேரத்தை விட்டாள். முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக் கேட்டாள். கேள்வி. பிறகு, இரண்டு பெட்டியிலும் ஒன்றுமில்லாத ஐந்து விநாடி. அவள் கேள்வி கேட்டபோது அவன் இல்லை. அவன் பதில் சொன்னபோது அவள் இல்லை. லைன் போட்டுக்கொடுத்த காலத்தில் இப்படி ஒரு பேச்சை அவள் கண்டதில்லை.

அந்த வருடம் நல்லகாமன் தேறினான். 2006 தைப்பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கனகலட்சுமியோடு விளாங்குடிக்கு வந்தான். கரும்பும் ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரமும் கொண்டுவந்தார்கள். கனகலட்சுமி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தனியாவா இருக்கீக மதினி? ராத்திரிக்குத் தொணைக்கு யாரு?" என்று கேட்டாள். பழகிருச்சு என்றாள் ரங்கநாயகி.

நல்லகாமனை ஸ்பீக்கர் முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவன் கையால் தடவி, டைரக்டரி அடுக்கைத் தொட்டுச் சிரித்தான். ஒரு பக்கம் ஓடவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, தலையை லேசாகச் சாய்த்தான்.

"எடது பக்கத்தத் தூக்கி வச்சிருக்கீக."

"ஆமா."

"எக்ஸ்சேஞ்சுல மாட்டுன காதாக்கா?"

"ஆமா."

"எனக்கும் வலது பக்கம் கொஞ்ச நாளா மந்தமாத்தான் இருக்கு" என்றான் அவன். கனகலட்சுமி பின்கட்டிலிருந்து மற்ற நாற்காலியைக் கொண்டுவந்து, அளவெல்லாம் பார்க்காமல் சும்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்கு ரங்கநாயகி அவர்களை ரோடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த இரண்டாவது நாற்காலியை உடனே எடுத்துப் போடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பொருளாதாரப் புத்தகம் ஆரம்பித்தபோது, எதிரொலி அடிக்கிறது என்று அதைப் பின்கட்டுக்கே தூக்கிப்போனாள்.

நல்லகாமன் அரசு வேலை கிடைத்துத் திருநெல்வேலிக்குப் போனான். போன பிறகு இரண்டு தடவை பேசினான், ஒரு தடவை மகள் பிறந்ததற்கு. புது ஊரில் அவனுக்கு வேலை அதிகம். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தால் எழுந்து போகிற வேகம் வேறாகத்தான் இருந்தது.

2009 ஜூனில் சங்கத்து மேனேஜர் கூப்பிட்டார். புத்தகத்தைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும் மென்பொருள் வந்துவிட்டது, மாணவர்கள் வேகம் கூட்டிக் குறைத்துக் கேட்கிறார்கள், இனி சி.டி. எடுப்பதில்லை என்றார். இத்தனை வருடம் செய்ததற்கு நன்றி சொன்னார். ஒரு கேடயம் தரப்போவதாகவும் சொன்னார்.

"கேடயம் வேணாம் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வரலாறு புஸ்தகத்த எத்தன பேரு எடுத்தாங்க?"

"ரிஜிஸ்தரப் பாக்கணும் மேடம். லைன்ல இருங்க."

காகிதம் புரளும் சத்தம் வலது காதில் கேட்டது. அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"ஏழு பேரு மேடம்."

"பேரு சொல்லுங்க."

"எதுக்கு மேடம்? பாதிப் பேரு இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியாது."

"பேரு மட்டும் போதும் சார்."

அவர் வாசித்தார். நல்லகாமன், தெரியும் என்றாள். விருமாண்டி என்றார். போர்டில் செய்தது போலவே, "விருமாண்டி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள். ராமக்காள். "ராமக்காள்." முத்திருளன். "முத்திருளன்." ஒச்சாயி, பாலகணேஷ். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியாக சோணைமுத்து என்றார்.

"இனிஷியல் சார்?"

"பி. மேடம்."

"பி. சோணைமுத்து" என்றாள் ரங்கநாயகி.